காரில் குறையில்லை, கிளம்பும் நேரத்தில்தான்

கேள்வி: ஐயா, வணக்கம். நாங்கள் சென்னை குரோம்பேட்டையில் வசிக்கிறோம். சொந்த ஊர் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தீபாவளி, பொங்கல் வந்தால் என் கணவர் வேலை முடிந்து வந்ததும் இரவு பத்து மணிக்குக் காரில் கிளம்புவோம். விடியும்போது ஊரில் இருப்போம். "ராத்திரியில் ரோடு காலியாக இருக்கும், வெயில் கிடையாது, குழந்தையும் தூங்கிவிடும்" என்பார். கடந்த பொங்கலுக்குப் போனபோது துவரங்குறிச்சியைத் தாண்டியதும் கார் மெல்ல இடதுபக்கம் ஒதுங்கி, ஓரக் கோட்டின் மேல் ஏறித் தடதடத்தது. நான் கத்தியதும் சட்டென்று திருப்பினார். "தூங்கவில்லை, ஏதோ யோசனையில் இருந்தேன்" என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. மூன்று வயது மகளை நான் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொள்வேன். மாமியார் பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்து வருவார். பின்னால் பெல்ட் போடும் பழக்கமே எங்களுக்கு இல்லை. ஊரில் இருக்கும் நாட்களில் எங்கே போவதானாலும் மாமனாரின் மோட்டார் சைக்கிள்தான், மூன்று பேரும் ஒன்றாகப் போவோம். என் கணவர் நன்றாக ஓட்டுவார், பத்து வருடமாகக் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நான் வீணாகப் பயப்படுகிறேனா? காரைச் சர்வீஸுக்கு விட்டு நான்கு டயரையும் மாற்றிவிட்டால் போதுமா? வழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் பயம் வீண் பயம் அல்ல. துவரங்குறிச்சிக்கு அப்பால் கார் தடதடத்தபோது உங்கள் கணவர் சில நொடிகள் தூங்கிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அவர் உங்களிடம் பொய் சொன்னார் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். மூன்று நான்கு நொடி கண் அசருகிறவருக்குத் தான் தூங்கியது பெரும்பாலும் தெரிவதே இல்லை. கண் பாதி திறந்திருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், கால் ஆக்சிலரேட்டரை அழுத்தியபடியே இருக்கும். பார்ப்பது மட்டும் நின்றுபோயிருக்கும். விழித்ததும் கேட்டால், யோசனையில் இருந்தேன் என்றுதான் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அதுதான் உண்மை.

நான் போக்குவரத்துத் துறையில் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். லைசென்ஸ் வாங்க வருகிறவர்களை எட்டுப் போடச் சொல்லும் அதிகாரியாகத்தான் எங்களைப் பலர் அறிவார்கள். உயிரிழப்பு நேர்ந்த விபத்தில் சிக்கிய வண்டியைக் காவல் நிலைய வளாகத்தில் போய்ப் பார்த்து அறிக்கை தருவதும் எங்கள் வேலைதான். பிரேக் வேலை செய்ததா, ஸ்டியரிங் இணைப்புகள் சரியாக இருந்தனவா, டயர் மோதலுக்கு முன்பே வெடித்ததா அல்லது மோதியதால் கிழிந்ததா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விபத்துக்கு வாகனத்தின் இயந்திரக் கோளாறு காரணமா இல்லையா என்பதைக் கடைசியில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். "இயந்திரக் கோளாறு காரணமல்ல" என்பதுதான் என் பணிக்காலத்தில் நான் மிக அதிகமாக எழுதிய வரி. ஆகவே சர்வீஸுக்கு விடுங்கள், தேய்ந்த டயர் இருந்தால் மாற்றுங்கள். அது அவசியமே. ஆனால் உங்களுக்கு இருக்கும் ஆபத்து டயரில் இல்லை. இரவு பத்து மணிக்குக் கிளம்புவதில் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேலை நாளில் உங்கள் கணவர் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? ஐந்தரை என்று வைத்துக்கொள்வோம். இரவு பத்தரைக்கு நீங்கள் தாம்பரத்தைத் தாண்டும்போது அவர் விழித்துப் பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது. 1997-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாகக் கண்டது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் நாட்டுச் சட்டப்படி 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். மதுவைத் தொடாத மனிதரானாலும், பரனூர் சுங்கச்சாவடியை நெருங்குவதற்கு முன்பே அந்த வரம்பைத் தாண்டியவரின் நிலையில்தான் அவர் வண்டி ஓட்டுகிறார். அதற்குப் பிறகு இன்னும் 500 கிலோமீட்டர் இருக்கிறது.

இதோடு உடம்பின் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. அதிகாலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உடல் வெப்பம் தாழ்ந்து தூக்கம் மிகக் கனமாக அழுத்தும் நேரம். பத்து மணிக்குக் கிளம்பினால் நீங்கள் பெரம்பலூர், திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் பகுதிகளைச் சரியாக அந்த நேரத்தில்தான் கடக்கிறீர்கள். கார் ஓரம் போன இடம் துவரங்குறிச்சி என்று படித்ததும் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. அந்த நேரத்தில் சாலை நேராக இருக்கும், எதிரே வண்டி குறைவாக இருக்கும், குடும்பம் முழுவதும் உறங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவரை விழிக்கவைக்க எதுவுமே இருக்காது. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் ஓடும். நான்கு நொடி அசந்தால் நூறு மீட்டருக்கு மேல் ஓட்டுநரே இல்லாமல் போகிறது. அப்படிப்பட்ட விபத்து நடந்த இடத்தில் சாலையில் பிரேக் தடமே இருக்காது. தார்ச்சாலையில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இல்லை என்றால், மோதும்வரை பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று பெரும்பாலும் பொருள்.

சாலை காலியாக இருக்கும் என்று உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு, அதை மறுக்க மாட்டேன். நம் நாட்டில் எண்ணிக்கையில் அதிக விபத்து நடப்பது மாலை ஆறிலிருந்து ஒன்பது மணிக்குள்தான். நள்ளிரவுக்கு மேல் எண்ணிக்கை குறையும், ஏனென்றால் வண்டிகளே குறைவு. அந்த நேரத்தில் ஓடும் ஒரு தனி வண்டிக்கு ஆபத்து குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. காலிச் சாலை வேகத்தைக் கூட்டும், தூக்கத்தையும் கூட்டும். பத்து வருடமாகக் கீறல் விழாததும் இதற்கு விடை ஆகாது. கைத்திறமை விழித்திருப்பவருக்குத்தான் உதவும்.

அந்தக் காலிச் சாலையில் இன்னொன்று காத்திருக்கிறது. "நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதி" என்று தொடங்கும் செய்தியைப் பண்டிகை நாட்களில் நாளிதழ்களில் அடிக்கடி படித்திருப்பீர்கள். பழுதாகி நின்ற லாரி, டீ குடிக்க ஓரம் கட்டிய லாரி, பின்விளக்கு இல்லாத டிராக்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். இத்தகைய வழக்குகளில் லாரியின் பின்விளக்கு பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். எரிந்துகொண்டிருந்தபோது அடி வாங்கியிருந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய இழை, சூட்டில் இளகியிருந்த காரணத்தால் நீண்டு கோணிக்கொண்டிருக்கும். அணைந்திருந்த பல்பின் இழை சுருள் குலையாமல் இருக்கும் அல்லது கூர்மையாக ஒடிந்திருக்கும். லாரியில் விளக்கு எரியவில்லை என்று இழை சொன்னால் லாரிக்காரர் மீது வழக்கு வரும். காரில் வந்தவர்களுக்கு அதனால் என்ன பயன்?

டிம் லைட்டில் உங்கள் காருக்கு முன்னால் தெளிவாகத் தெரிவது சுமார் 50 மீட்டர். நூறு கிலோமீட்டர் வேகத்தில், விழிப்பாக இருக்கும் ஆள்கூட ஆபத்தைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, கார் முழுதாக நிற்பதற்கு 95 மீட்டருக்கு மேல் பிடிக்கும். அதாவது, கண்ணுக்குத் தெரிந்த பிறகு நிறுத்தவே முடியாத வேகத்தில் போகிறோம். 70-க்குக் குறைத்தால் அது ஏறக்குறைய 55 மீட்டராகக் குறைகிறது. இரவில் ஓட்டித்தான் ஆகவேண்டிய நிலை வந்தால் இந்த ஒரு கணக்கை மனதில் வையுங்கள். எதிரே வண்டி இல்லாதபோது பிரைட் லைட்டைத் தயங்காமல் போடச் சொல்லுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தையும் துடைத்து வையுங்கள். அதில் படிந்திருக்கும் மெல்லிய பிசுக்குதான் எதிர் விளக்கு வெளிச்சத்தைச் சிதறடித்துக் கண்ணைக் கூசவைக்கிறது.

டீ குடித்தால் சரியாகிவிடும், ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும், பாட்டை உரக்க வைத்தால் தூக்கம் போய்விடும், முகம் கழுவிக்கொள்ளலாம் என்றெல்லாம் சொல்வார்கள். ஜன்னல் காற்றும் பாட்டும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. டீ, காபியில் இருக்கும் கேஃபீன் வேலை செய்யும், ஆனால் குடித்து இருபது முப்பது நிமிடம் ஆக வேண்டும், அதுவும் சிறிது நேரத்துக்குத்தான். தூக்கத்துக்குத் தூக்கம் மட்டும்தான் மருந்து. கண் சொக்கினால் ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே சீட்டைச் சாய்த்து இருபது நிமிடம் கண்ணயர்வது நல்லது, எழும்போது காபியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். அதை நெடுஞ்சாலை ஓரத்தில் செய்யக் கூடாது. அப்போது நீங்களே அந்த "நின்றிருந்த" வண்டி ஆகிவிடுவீர்கள். வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி வளாகம், ஆள் நடமாட்டம் உள்ள ஓட்டல் வாசல் போன்ற இடத்தில் நிறுத்த வேண்டும். இது அடுத்த ஊர்வரை சமாளிக்கும் வழிதான். இரவு முழுவதும் ஓட்டுவதற்கு இதை நம்பக் கூடாது.

அப்படியானால் எப்போது கிளம்புவது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். வேலை முடிந்து வந்த அன்று பயணம் கிடையாது. சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் கணவர் படுத்துவிட வேண்டும். பெட்டி கட்டுவது, காரில் ஏற்றுவது, பால்காரரிடம் சொல்வது எதுவும் அவர் தலையில் விழக் கூடாது. இந்த ஒரு நாள் வீட்டிலுள்ள மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காலை நாலரை, ஐந்துக்குக் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடங்கள். மதிய உணவை வயிறு முட்டச் சாப்பிடவிடாதீர்கள், பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு மணிக்குள் தூக்கம் இன்னொரு முறை வந்து தட்டும். அதற்குள் நீங்கள் ஊரை எட்டியிருக்கலாம். அரை நாள் விடுப்பு போகுமே என்றால், போகட்டும்.

விடுப்பே கிடைக்காது என்றால் ரயில் இருக்கிறது. நெல்லை எக்ஸ்பிரஸும் முத்துநகர் எக்ஸ்பிரஸும் கோவில்பட்டியில் நிற்கின்றன. இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸிலும் போகலாம். காரில்தான் போகவேண்டும் என்றால் ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பகலில் தூங்கினீர்களா என்று. பகல் முழுவதும் வேறொருவர் காரை ஓட்டிவிட்டு இரவில் உங்களுக்கு வருகிறார் என்றால் வேண்டாம். உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தால் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளுங்கள் என்று அன்போடு வற்புறுத்துகிறேன்.

திரும்பி வரும் பயணத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலும் யாரும் கேட்பதும் இல்லை. போகும்போதைவிட அதற்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். நான்கு நாள் உறவினர்களோடு நள்ளிரவு வரை பேசி, தூக்கம் கெட்டு, ஞாயிறு இரவு கிளம்பித் திங்கள் காலை அலுவலகத்துக்குப் போய்ச்சேர வேண்டும் என்ற அவசரத்தில் ஓட்டுவார்கள். ஞாயிறு காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மாமனார் "இன்னும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்" என்பார். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இனி காருக்குள் யார் எங்கே உட்காருவது என்பதைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கலங்கவைத்தது இந்தப் பகுதிதான்.

மகளை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் எதன்மீதாவது மோதி நின்றால், அந்தக் கணத்தில் 12 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோவைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. மோதலின்போது ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும். அது பெல்ட் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காகச் செய்யப்பட்டது. மடியில் குழந்தை இருந்தால், ஏர்பேக்குக்கும் உங்கள் உடம்புக்கும் நடுவில் அது அகப்பட்டுக்கொள்ளும். பெல்ட்டைக் குழந்தையையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது இன்னும் மோசம், உங்கள் எடை முழுவதும் அவள்மீது அழுத்தும். மூன்று வயதுக் குழந்தைக்குப் பின்சீட்டில், காரோடு இறுக்கிப் பொருத்திய குழந்தை இருக்கைதான் இடம். அவள் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள். பொருத்திய பிறகு அடிப்பகுதியைப் பிடித்து ஆட்டிப்பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. முதல் இரண்டு பயணம் அழுவாள். வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன தூரத்துக்கு உட்காரவைத்துப் பழக்கிவிட்டால் நீண்ட பயணத்தில் அதிலேயே தூங்கிவிடுவாள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை இப்படிப் பாதுகாப்பாக உட்காரவைக்க வேண்டும் என்பது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. அபராதம் ஆயிரம் ரூபாய். அபராதத்துக்காகச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை.

மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். பெல்ட் இல்லாமல் பின்சீட்டில் படுத்திருப்பவர் மோதலில் முன்னோக்கி எறியப்படுவார். முன்னால் யார் இருக்கிறார்கள்? அவருடைய மகனும் மருமகளும். பின்னால் பெல்ட் போடாதவர் இருந்தால், பெல்ட் போட்டு முன்னால் உட்கார்ந்திருப்பவர் இறக்கும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுவதாக ஜப்பான் விபத்துப் பதிவுகளை வைத்து 2002-ல் வெளியான ஆய்வு சொன்னது. "உங்களுக்காக" என்று சொன்னால் பெரியவர்கள் கேட்க மாட்டார்கள். "உங்கள் மகனுக்காக" என்று சொல்லிப் பாருங்கள். சீட்டைச் சற்றே சாய்த்து, கழுத்துக்கு ஒரு தலையணை வைத்து, பெல்ட் இடுப்பெலும்பின் மேலும் தோளின் மேலும் வருமாறு போட்டுக்கொண்டால் உட்கார்ந்தபடியே தூங்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்தால் கால் வீக்கமும் இருக்காது.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி சென்ற கார் பாலத்தின் தடுப்பில் மோதியது. விலை உயர்ந்த, பாதுகாப்பு வசதிகள் நிறைந்த கார். முன்னால் இருந்த இருவரும் உயிர் பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்துபோனார்கள்.

விபத்தான காரின் கதவைத் திறந்ததும் நாங்கள் பெல்ட்டைத்தான் முதலில் இழுத்துப் பார்ப்போம். வேலை செய்த பெல்ட் அப்படியே நீண்டு பூட்டிக்கொண்டிருக்கும், திரும்பச் சுருளாது. அதன் நெசவு ஓரிடத்தில் பளபளவென்று தேய்ந்து, கொக்கியின் பிளாஸ்டிக் உருகி ஒட்டியிருக்கும். அது ஓர் ஆளைத் தாங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம். பல கார்களில் பெல்ட் புதிதுபோலச் சுருண்டு கிடக்கும். நேர் எதிரே கண்ணாடியில், தலை உயரத்தில், சிலந்தி வலைபோல் ஒரு விரிசல் இருக்கும். சில கார்களில் அலாரம் அடிக்காமல் இருப்பதற்காகச் செருகிய வெறும் கொக்கி மட்டும் அங்கே இருக்கும். அந்தக் கொக்கியை விற்கக் கூடாது என்று 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் காரில் அது இருந்தால் இன்றே பிடுங்கி எறியுங்கள்.

டயர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. கோடு தேயாமல் இருந்தாலும் ஐந்தாறு வருடம் ஆன டயரை நெடும்பயணத்துக்கு முன் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். காற்றை டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே பிடியுங்கள். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். பெட்டிகளோடு நிறைய பேர் ஏறினால் அதற்குத் தனி அளவு உண்டு. காற்று குறைந்த டயர்தான் சூடேறி வெடிக்கும். ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள்.

வழியில் பஞ்சர் ஆகிவிட்டால், டயர் போனாலும் பரவாயில்லை என்று மெல்ல உருட்டியாவது சாலையை விட்டு முழுவதும் விலக்கி நிறுத்தச் சொல்லுங்கள். ஹசார்ட் விளக்கைப் போட்டு, சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால் வையுங்கள். குழந்தை, பெரியவர்கள் எல்லாரும் காரை விட்டு இடதுபக்கமாக இறங்கி, ஓரத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். காருக்குப் பின்னால் நின்று செல்போன் வெளிச்சத்தில் டயரைக் குனிந்து பார்ப்பது மிகப் பெரிய ஆபத்து. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, காயம் என்றால் 108. நீங்கள் கடந்துபோகும் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18 அன்று "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் காயமடைந்த யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, அரசு வைத்திருக்கும் வரம்புவரை, பணம் கேட்கக் கூடாது. வேறு யாராவது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தாலும் நிறுத்தி உதவுங்கள். உதவியவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சியாக வரும்படியோ கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது.

கணவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்பது உங்களுக்கே நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். கிளம்பும் இரவில், கார் சாவி கையில் இருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். அப்போது அது சண்டையாகிவிடும். விடுப்புக்கு எழுதிக்கொடுக்கும் நாளில் எடுங்கள். "நீங்கள் தூங்கினீர்கள்" என்று தொடங்கினால் அவர் மறுக்கத்தான் செய்வார். காலை ஐந்தரையிலிருந்து மணிக்கணக்கை எழுதிய தாளை முன்னால் வையுங்கள். பாதிப் பயணத்தில் அவர் அடிக்கடி கொட்டாவி விட்டால், திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டால், வேகம் காரணமில்லாமல் ஏறி இறங்கினால், எதிர் வண்டிக்கு விளக்கை இறக்க மறந்தால், கார் கோட்டைத் தொட்டால், அடுத்த வெளிச்சமான இடத்தில் நிறுத்த வேண்டும் என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது விவாதம் வேண்டியதில்லை.

கடைசியாக, ஊரில் ஓடும் அந்த மோட்டார் சைக்கிள். 550 கிலோமீட்டர் பயணத்தை நினைத்துக் கலங்கிய நீங்கள், இதை ஒரு வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள் மட்டும் 44.5 சதவீதம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். "பக்கத்தில்தானே, கோவிலுக்குத்தானே" என்று ஹெல்மெட் இல்லாமல் கிளம்பிப் போனவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். உங்கள் பக்கம் கரிசல் பூமி. தீபாவளி மழையில் டிராக்டர் சக்கரம் சாலைக்கு இழுத்துவரும் கரிசல் மண்ணில் டயர் வழுக்கிக்கொண்டு போகும். பொங்கல் சமயத்தில் தார்ச்சாலையில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் காயப்போட்டுச் சுற்றிலும் கல் அடுக்கியிருப்பார்கள். இருட்டில் அந்தக் கல் தெரியாது.

பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் குழந்தைக்கு முன்னால் இருப்பது ஹேண்டில்பார் மட்டும்தான். சடன் பிரேக் போட்டால் நெஞ்சும் முகமும் நேராக அதில்தான் மோதும். நான்கு வயது ஆகாத குழந்தைகளை இருசக்கர வாகனத்தில் அழைத்துச் செல்ல 2023 பிப்ரவரியிலிருந்து தனி விதி இருக்கிறது. ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை வேண்டும், குழந்தைக்கு ஹெல்மெட் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் ஹெல்மெட் கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும்தான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஹெல்மெட் அணிந்தவருக்கு இறக்கும் ஆபத்து 42 சதவீதமும் தலைக்காயம் ஏற்படும் ஆபத்து 69 சதவீதமும் குறைவதாகத் தெரிந்தது. ஐ.எஸ். 4151 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தாடைப் பட்டையைப் போட்டால்தான் அது தலையில் நிற்கும்.

மூன்று பேரும் ஒன்றாகப் போக வேண்டும் என்றால் அந்த வண்டி வேண்டவே வேண்டாம். சென்னையிலிருந்து ஓட்டிவந்த கார் வாசலில்தான் நிற்கிறது, குழந்தை இருக்கையும் அதில்தான் இருக்கிறது. கோவிலுக்கும் அத்தை வீட்டுக்கும் அதிலேயே போங்கள். ரயிலில் போன வருடம் என்றால் டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ போதும். நீங்கள் இருவர் மட்டும் கடைத்தெருவுக்குப் போக மோட்டார் சைக்கிளை எடுப்பதாக இருந்தால், சென்னையிலிருந்தே இரண்டு ஹெல்மெட்டை எடுத்து வாருங்கள், ஒன்றை மாமனாருக்கென்று அங்கேயே விட்டுவிட்டு வரலாம். பின்னால் ஒருபக்கமாக உட்காராமல் இருபக்கமும் காலைப் போட்டு உட்காருங்கள். அதற்குச் சுடிதார் வசதி. துப்பட்டாவை முடிந்து, முன்பக்கம் செருகிக்கொள்ளுங்கள்.